கடலுக்கு அடியில் ஒரு கரிச் சுரங்கம்

1617-ஆம் வருஷம். இங்கிலாந்தின் முடியையும் ஸ்காட்லாந்தின் முடியையும் ஒருங்கே தரித்திருந்த ஜேம்ஸ் மன்னர், 14 வருஷங்களுக்குப் பிறகு தாம் பிறந்த ஸ்காட்லாந்துக்கு விஜயம் செய்திருந்தார். அங்கே போர்த் என்னும் கழிமுகத்தின் வடகரையில் கூரஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அவ்வூர்ச் செல்வரான சர் ஜார்ஜ் புரூஸ், மன்னருக்கு விருந்து அளித்துத் தமது நிலக்கரிச் சுரங்கத்தையும் காட்டினார்.

கரையிலிருந்த வாயில் வழியாக மன்னர் உள்ளே இறங்கினார். பூமிக்கடியில் நெடுந்தூரம் நடந்தார். பிறகு வேறொரு வாயில் வழியாக மேலே ஏறி வந்து பார்த்தால், நாற்புறமும் தண்ணீர்! வெடிமருந்து வைத்துத் தம்மைக் கொல்ல 1605-இல் நடந்த சதியை அவர் மறந்திருக்கவில்லை. "சதி! சதி!" என்று கூவிவிட்டாராம். புரூஸ் பணிவுடன் பக்கத்தில் கட்டியிருந்த படகைச் சுட்டிக் காட்டி, "வந்த வழியே திரும்பினாலும் சரி, படகில் போனாலும் சரி, மகாராஜாவின் சித்தம்" என்றாராம்.

இது கர்ண பரம்பரையாக வழங்கும் கதை. இதில் அரசர் இருக்கிறார், செல்வர் இருக்கிறார். அரசர் நடந்து சென்ற அந்த வழியை வெட்டினவர்கள் மட்டும் இல்லை. அவர்களைப் பற்றியும் சொன்னால்தான் இந்தச் சுரங்கத்தின் சரித்திரம் பூர்த்தியாகும்.

குதிரைகளும் வாளிகளும்

1217-இல் கூரஸில் கிறிஸ்தவத் துறவிகளின் மடம் ஒன்று ஸ்தாபிக்கப்பட்டது. அப்பக்கத்தில் நிலக்கரியை முதலில் வெட்டி எடுத்தவர்கள் அந்தத் துறவிகளே. 1560-இல் ஸ்காட்லாந்தில் மதச் சீர்திருத்தம் ஏற்பட்டு மடங்கள் செல்வாக்கு இழந்தன. சுரங்கத்திலும் தண்ணீர் புகுந்துவிட்டது. பயனற்றதென்று கைவிடப்பட்டிருந்த அதனை 1575-இல் ஜார்ஜ் புரூஸ் குத்தகைக்கு எடுத்தார்.

கரிப்படலம் கரையோடு நிற்கவில்லை. கடலுக்கு அடியிலும் சரிந்து சென்றது. அதைப் பின்தொடர்ந்து செல்வதென்று புரூஸ் துணிந்தார். கடல் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெளிப்படும் கரையோரத்தில் வட்டமாகக் கற்சுவர் எழுப்பி, அதற்குள்ளே கிணறுபோல் ஒரு வாயிலை இறக்கினார். கரையிலிருந்து வந்த சுரங்க வழி அதனோடு சேர்ந்தது. கடல் ஏறியிருக்கும் சமயத்தில் கப்பல்கள் அந்தச் சுவரை ஒட்டி வந்து நின்று, கரியை நேரே ஏற்றிக்கொண்டன.

சுரங்கத்தில் ஓயாமல் ஊறும் தண்ணீரை இறைப்பதுதான் பெரும் பாடு. மாடு கட்டிக் கவலை இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு, புரூஸ் செய்த ஏற்பாடு எளிதில் விளங்கும். முடிவில்லாத சங்கிலி ஒன்றில் 36 வாளிகள் கோக்கப்பட்டிருந்தன. மூன்று குதிரைகள் சக்கரத்தைச் சுற்றும். 18 வாளிகள் நிறைந்து மேலே வரும். 18 வாளிகள் வெறுமையாய்க் கீழே இறங்கும். 1618-இல் இங்கு வந்த ஜான் டெய்லர் என்ற இங்கிலீஷ் கவி இதனைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். ஒரு மைலுக்கு மேல் கடலடியில் சுரங்கம் சென்றிருந்தது என்றும், 28, 29 வருஷ காலம் வேலை நடந்தது என்றும் அவர் சொல்லுகிறார். இறைத்த உப்பு நீரும் வீணாகவில்லை. அதைக் காய்ச்சி வாரத்துக்கு 90, 100 டன் உப்பு எடுத்தார்கள் என்பதும் அவர் கூற்றே.

வேலைக்காரனா, உடைமையா?

மன்னர் கூரஸுக்கு வருவதற்குப் பதினோரு வருஷங்களுக்கு முன்பு, 1606-இல், அவருடைய ஸ்காட்லாந்துப் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. கரி வெட்டுவோர், கரி சுமப்போர், உப்புக் காய்ச்சுவோர் ஆகியவர்களை, பழைய முதலாளி கொடுத்த சீட்டு இல்லாமல் வேறு யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. ஒருவன் ஓடிப்போனால், ஒரு வருஷமும் ஒரு நாளும் கழிவதற்குள் முதலாளி அவனைத் திரும்பக் கேட்கலாம். கேட்ட 24 மணி நேரத்துக்குள் அனுப்பாதவனுக்கு ஸ்காட்லாந்து நாணயத்தில் 100 பவுன் அபராதம். முன்பணம் வாங்கிவிட்டு ஓடினவன் திருடனாகக் கருதப்பட்டான். வேலையின்றித் திரிபவர்களைப் பிடித்துச் சுரங்கத்தில் போடும் அதிகாரமும் முதலாளிகளுக்குக் கிடைத்தது.

கட்டு பிள்ளைகளையும் விடவில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும்போது முதலாளி தகப்பன் கையில் ஒரு சிறு தொகை கொடுப்பார். வாங்கிக்கொண்டால், தொட்டிலில் கிடக்கும் அந்தச் சிசுவும் சுரங்கத்துக்குச் சொந்தம்! ஒரு சுரங்கம் விலை போனால், அதில் வேலை செய்தவர்களும் அதனோடு கைமாறினார்கள். காரணமின்றி யாரையும் சிறையில் அடைத்து வைக்கலாகாது என்று 1701-இல் ஸ்காட்லாந்து ஓர் உயர்ந்த சட்டத்தை இயற்றியது. கரி வெட்டுவோருக்கும் உப்புக் காய்ச்சுவோருக்கும் அது செல்லாது என்று அதிலேயே எழுதி வைத்தார்கள்.

1775-இல் இயற்றிய சட்டத்தின் முகவுரைதான், இவர்கள் அடிமைகளாக இருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டது. ஆனால் விடுதலை வேண்டுபவன் சில வருஷங்கள் காத்திருந்து, கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பும் பெறவேண்டும். கூலிக்காரன் கோர்ட்டுக்கு எங்கே போவான்? 1778-இல் ஜமைக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஜோஸப் நைட் என்ற ஆப்பிரிக்கரின் வழக்கில், ஸ்காட்லாந்து மண்ணில் அவரை அடிமையாக வைத்திருக்க முடியாதென்று எடின்பரோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வெளியான நாளிலும் அதே மண்ணுக்கு அடியில் கட்டுண்ட மனிதர்கள் கரி வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 1799-இல்தான் அவர்களுக்குப் பூரண விடுதலை கிடைத்தது.

விடுதலைக்குப் பிறகும் பெண்களின் பாரம் குறையவில்லை. ராபர்ட் பால்ட் என்ற சுரங்க இஞ்சினீயர் தாம் நேரில் கண்டதை 1808-இல் எழுதினார். ஒரு பெண் 170 பவுண்டு கரியை முதுகில் சுமந்து, 117 அடி உயரத்துக்குப் படியேறி வந்து கொட்டுகிறாள். ஒரே நாளில் 24 தடவை! பெண்களும், பத்து வயது நிரம்பாத சிறுவர்களும் பூமிக்கடியில் வேலை செய்யலாகாது என்ற சட்டம் 1842-இல் தான் பிறந்தது.

கடல் கேட்ட கணக்கு

புரூஸின் சுரங்கம் இவற்றுக்கெல்லாம் வெகு காலம் முன்பே முடிந்துவிட்டது. 1625 மார்ச்சு மாதத்தில் ஜேம்ஸ் மன்னர் காலமானார். அதே மாதக் கடைசியில் எழுந்த பெரும் புயலில் கடல் கற்சுவரைத் தகர்த்து உள்ளே பாய்ந்தது. அத்தனை வருஷ உழைப்பும் நீரில் மூழ்கியது. அவ்வருஷமே புரூஸும் கண் மூடினார்.

எனினும் அந்தக் கரையோரத்தில் கரித் தொழில் மறையவில்லை. கூரஸை அடுத்த வாலிபீல்டு சுரங்கத்தில் 1939 அக்டோபர் 28-ஆந் தேதி நிகழ்ந்த வெடி விபத்தில் 35 பேர் மாண்டார்கள். ஸ்காட்லாந்தின் கடைசி ஆழ்சுரங்கமான லாங்கானட்டும் கூரஸுக்கு அருகிலேயே இருந்தது. 2002-இல் தண்ணீர் பெருகி அதுவும் மூடப்பட்டது. 377 வருஷங்களுக்கு முன் புரூஸின் சுரங்கத்தை முடித்த தண்ணீரே இதையும் முடித்தது.

புரூஸ் கட்டிய மாளிகையை 1932-இல் ஸ்காட்லாந்தின் தேசிய அறக்கட்டளை வாங்கிப் பாதுகாத்து வருகிறது. மடத்து ஆலயத்தில் அவரும் மனைவியும் எட்டு மக்களும் வெண்கற் சிற்பங்களாக இருக்கிறார்கள். கடல் வற்றும் வேளையில் கரையோரமாக நடந்தால், வட்டச் சுவரின் அடிக்கற்கள் சேற்றிலிருந்து தலை நீட்டுகின்றன. அவற்றைச் சுமந்து வந்து அடுக்கியவர்களுக்குச் சிற்பமும் இல்லை, பெயரும் இல்லை. சில நாழிகை சென்றதும் கடல் மறுபடியும் ஏறிவந்து அந்தக் கற்களை மூடிக்கொள்கிறது.