தாய்த் தமிழகத் திருத்தல யாத்திரை: முதன்முறை செல்வோர் அறிய வேண்டியவை

ஜொகூர் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்த பண்டார் தெங்காரா போன்ற ஊர்களில், திருவிழாக் கொடி இறங்கிய மறுநாளே பக்தர்களிடையே மற்றொரு பேச்சு தொடங்கிவிடுவதுண்டு. அது தமிழகத் திருத்தல யாத்திரை பற்றியது. சிறுகச் சிறுகச் சேமித்து, பிள்ளைகளின் படிப்பும் திருமணமும் நிறைவேறிய பின்னரே பலருக்கு அந்த வாய்ப்புக் கிட்டுகிறது. அறுபது வயதைக் கடந்து முதன்முறையாகப் புறப்படும் ஒருவருக்கு, வாழ்நாளில் அது ஒன்றே யாத்திரையாகவும் அமைந்துவிடலாம்.

முன்னோர் நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' போன்ற கப்பல்களில் ஏறி, பல நாள் கடலில் கழித்து மலாயாக் கரையை அடைந்தனர். பின்னர் 'சிதம்பரம்' கப்பல் தீ விபத்துக்குள்ளானதோடு அந்தப் பயணிகள் கப்பற்போக்குவரத்து முடிவுற்றது. இன்று கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ விமானம் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் திருச்சிராப்பள்ளி வந்துவிடுகிறது. வழி சுருங்கிவிட்டது உண்மையே. ஆயினும் வழிபாட்டு முறையையும் ஊர் நடப்பையும் அறியாது சென்றால், அரிதிற் கிட்டிய நாட்கள் பூட்டிய கதவின் முன்னே கழிந்துவிடும்.

புறப்படுமுன்

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாத காலம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருத்தல் வேண்டும். மின்னணு விசாவை இந்திய அரசின் அதிகாரபூர்வ இணையத்தளத்திலேயே பெற வேண்டும். அரசுத் தளம் போலவே தோற்றமளித்து அதிகப் பணம் பறிக்கும் போலித் தளங்கள் பல உள. கடப்பிதழில் உள்ள பெயரே விசாவிலும் விமானச் சீட்டிலும் இருத்தல் அவசியம். பெயருக்கு இடையே வரும் 'ஏ/எல்', 'ஏ/பி' குறிகளை எவ்வாறு எழுதுவது என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுத் தெளிந்துகொள்வது நலம். சிங்கப்பூர் வழியே செல்வோர் ஜொகூர் பாலத்தின் நெரிசலை எண்ணிச் சில மணி நேரம் முன்னதாகவே புறப்பட வேண்டும்.

சித்திரை, வைகாசியில் வெயில் கடுமையானது. ஐப்பசி, கார்த்திகை பருவமழைக் காலம். மார்கழியும் தையும் முதியோருக்கு ஏற்றவை. எனினும் திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியும், பழனியில் தைப்பூசமும் பெருங்கூட்டம் கூடும் நாட்களாதலால், முதன்முறை செல்வோர் அவற்றைத் தவிர்த்து நாள் குறிப்பது நன்று.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று

இங்குக் காலை ஆறு மணியாகும்போது அங்கு மூன்றரை மணி. முதற்சில நாட்களில் உடல் தானாகவே விடியுமுன் விழித்துக்கொள்ளும். இதையே நன்மையாகக் கொண்டு, நடை திறந்தவுடன் தரிசனம் செய்துவிடலாம். தமிழகப் பெருங்கோயில்களில் பெரும்பாலானவை நண்பகலில் நடை சாத்தி, மாலை நான்கு மணியளவில் மீண்டும் திறக்கின்றன. பழனி மலைக்கோயில் போல் பகல் முழுவதும் திறந்திருப்பவை சிலவே. பத்து நாட்களில் முப்பது கோயில்கள் என்று திட்டமிடுவோர் நண்பகலில் சாத்திய வாயிலைத் தொழுது திரும்ப நேர்வது இதனாலேயே.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என வகுத்துக்கொள்வதே சிறந்த முறை. திருச்சியில் தங்கினால் திருவரங்கம், திருவானைக்காவல், சமயபுரம் ஆகியவற்றை ஓடாமல் தரிசிக்கலாம். இராசராச சோழன் 1010-இல் நிறைவு செய்த தஞ்சைப் பெருவுடையார் கோயிலும் சுமார் 55 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. பழனியில் படியேற இயலாதோருக்கு 1966 முதல் இழுவை இரயிலும், 2004 முதல் கம்பிவட ஊர்தியும் உள்ளன. இவை பராமரிப்புக்காக நிறுத்தப்படும் நாட்களை முன்கூட்டியே விசாரித்தறிய வேண்டும்.

ஆலய ஒழுங்கு

ஆடவர் வேட்டியும் பெண்டிர் சேலையும் அணிந்து செல்வது எங்கும் பொருந்தும். திருச்செந்தூர்ச் சந்நிதியிலும், சிதம்பரத்தில் கனகசபை மீது ஏறும்போதும் ஆடவர் மேற்சட்டையைக் களைதல் மரபு. இராமேசுவரத்தில் கடலாகிய அக்கினி தீர்த்தத்தில் மூழ்கி, உள்ளிருக்கும் 22 தீர்த்தங்களில் நீராடியபின், ஈர உடை மாற்றியே மூலவரைத் தரிசிக்க வேண்டும். ஆதலின் மாற்றுடை கையில் இருத்தல் வேண்டும். நீர் வழியும் கற்றளம் வழுக்குமாதலால் முதியோரைக் கைபிடித்து அழைத்துச் செல்லல் இன்றியமையாதது. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட ஆணையை அடுத்து, பல ஆலயங்களில் கைப்பேசியை வாயிலிலேயே ஒப்படைக்க வேண்டியுள்ளது. குழுவினர் பிரிந்துவிட்டால் சந்திக்கும் இடத்தை உள்ளே செல்லுமுன்பே குறித்துக்கொள்ள வேண்டும். அர்ச்சனைக்கும் காணிக்கைக்கும் ஆலய அலுவலகச் சீட்டே பெற வேண்டும். வாயிலில் நின்று விரைந்த தரிசனம் செய்விப்பதாக அழைப்போரிடம் பணம் கொடுத்தல் தகாது.

குலதெய்வத்திற்கு ஒரு நாள்

பலருடைய உள்ளத்தில் சொல்லாமல் இருக்கும் ஆசை, பாட்டனார் விட்டுவந்த ஊரையும் குலதெய்வத்தையும் ஒருமுறை காண வேண்டும் என்பதே. அதற்கு ஊர்ப்பெயர் மட்டும் போதாது; ஒரே பெயரில் பல ஊர்கள் உள்ளன. வட்டம், அஞ்சல் நிலையம், அருகிலுள்ள பெரிய ஊர் ஆகியவற்றை வீட்டுப் பெரியோரிடம் இப்போதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அவர்கள் மறைந்தபின் கேட்க ஆளிராது. பழைய தாளில் 'தஞ்சாவூர் ஜில்லா' என்றிருந்தால் அவ்வூர் இன்று வேறு மாவட்டத்தில் இருக்கக்கூடும். 1991-இல் நாகப்பட்டினமும், 1997-இல் திருவாரூரும், 2020-இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. பழைய சேலத்திலிருந்து 1997-இல் நாமக்கல் பிரிந்தது.

கிராமத்துக் கோயில்கள் பலவற்றில் நாள்தோறும் நடை திறப்பதில்லை; திறவுகோல் பூசாரியின் இல்லத்தில் இருக்கும். இரண்டொரு நாள் முன்னதாகச் செய்தி அனுப்பிவிட்டுச் செல்ல வேண்டும். உறவினர் கண்டுபிடிக்கப்பட்டால் மகிழ்ச்சிப் பெருக்கில் சக்திக்கு மீறிய வாக்குறுதிகள் அளித்துவிடலாகாது. நிறைவேறாத வாக்கு, புதிதாய் மலர்ந்த உறவையே கசப்பாக்கிவிடும். ஊர் தெரியாமற்போயினும் மனம் தளர வேண்டியதில்லை. அவ்வட்டாரத்துச் சிவாலயத்தில் முன்னோரை நினைந்து ஒரு விளக்கேற்றினால், அதுவும் அவர்களைச் சேரும்.

பணமும் பேச்சும்

முன்பு சென்றுவந்தோர் பெட்டியில் வைத்திருக்கும் பழைய 500, 1000 ரூபாய்த் தாள்கள் 2016 நவம்பர் முதல் செல்லா. சில்லறைத் தாள்கள் எப்போதும் கையில் இருத்தல் வேண்டும். ஆட்டோவில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசி முடித்துவிட வேண்டும். மொழி ஒன்றாயினும் வழக்கு வேறு. 'தோட்டத்திலிருந்து வருகிறோம்' என்றால் அங்குள்ளோர் பூந்தோட்டம் என்றே எண்ணுவர். 'சடக்கு' எங்கே என்று கேட்டால் விளங்காது. 'ரோடு' என்றால் விளங்கும். சிரித்துக்கொண்டு மறுமுறை சொல்வதே இதற்கு வழி.

திரும்பும்போது

கற்பூரம் எளிதில் தீப்பற்றுவதாதலால் விமானத்தில் அனுமதியில்லை. செடி, விதை ஆகியவற்றை மலேசியாவுக்குள் கொணர்வதற்குக் கட்டுப்பாடு உண்டு. நூறாண்டு கடந்த சிலைகளை இந்தியாவிலிருந்து வெளிக்கொணர்வதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. சுவாமிமலையில் புதிதாய் வார்த்த திருவுருவத்தை முறையான ரசீதுடன் வாங்கிவருதல் தக்கது.

யாத்திரையின் பயனை எண்ணிக்கையால் அளத்தல் இயலாது. ஒரே சந்நிதியானாலும், பதற்றமின்றி நின்று கைகூப்பிய சில நிமிடங்களே காலமெல்லாம் உடன்வரும். முறையறிந்து புறப்படும் அடியார் அனைவருக்கும் அத்தகைய தரிசனத்தை இறையருள் கூட்டுவிப்பதாகுக.