டென்னசி நதிப் பள்ளத்தாக்கு ஸ்தாபனமும் குடியானவர் சங்கங்களும்

வாய்க்காலுக்கு ஓர் இலாகா, மரம் நடுவதற்கு மற்றோர் இலாகா, எருவுக்கும் மின்சாரத்துக்கும் வெவ்வேறு இலாகாக்கள் என்று விண்ணப்பமும் கையுமாக அலைவது நமது அங்கத்தினர்களுக்குப் பழகிய விஷயமே. ஒரு பிரதேசம் முழுவதற்கும் ஒரே சர்க்கார் ஸ்தாபனம் திட்டமிட்டால் விளைவது யாது என்பதை அமெரிக்காவிலுள்ள டென்னசி நதிப் பள்ளத்தாக்கின் வரலாற்றில் காணலாம்.

இந்நதியின் நீர்ப்பிடிப்புப் பிரதேசம் ஏழு மாகாணங்களில் சுமார் 41,000 சதுர மைல் பரவியுள்ளது. வெள்ளம் மாகாண எல்லை பார்த்து வருவதில்லை. காடழிந்த மேட்டு நிலங்களில் மழைதோறும் மேல்மண் கரைந்தோடிற்று. பருத்தியும் மக்காச்சோளமும் ஓயாது பயிரிட்ட நிலம் சாரமற்றுப்போயிற்று. 1933-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட சட்டத்தினால் மேற்படி ஸ்தாபனம் ஏற்பட்டது. அணை, படகுப் போக்குவரத்து, மின்சாரம், எரு, காடு ஆகிய யாவும் அதனிடம் ஒருங்கே ஒப்புவிக்கப்பட்டன. நமது தேசத்தில் 1948-ல் அமைந்த தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பொரேஷனுக்கும் இதுவே மாதிரி.

பொறுப்பு ஒரே இடத்தில் இருப்பதன் பயன் சிறு காரியங்களிலும் தெரியவந்தது. நீர்த்தேக்கங்களின் மட்டத்தை அடிக்கடி சற்றே ஏற்றி இறக்கவே, கரையோரம் ஒதுங்கிய கொசுப் புழுக்கள் உலர்ந்து மடிந்தன. மருந்து தெளிப்பும் சேர்ந்து, 1940-களின் முடிவில் அங்கே மலேரியா அநேகமாக மறைந்தது. தண்ணீரைச் சேர்த்து வைப்பதில் மட்டும் நாட்டமுள்ள இலாகா மட்டத்தைக் குறைக்க எளிதில் இசையுமா?

மசில் ஷோல்ஸ் என்னுமிடத்தில் செய்த பாஸ்பேட் எருவை வழங்கிய விதம் நாம் நன்கு கவனிக்கத்தக்கது. பரீக்ஷைப் பண்ணைகளை அந்தந்த ஊர்க் குடியானவர் சங்கமே கூடித் தெரிந்தெடுத்தது. எரு இனாம், ரயில், வண்டிச் சத்தம் மாத்திரம் குடியானவருடையது. விற்பனைக்குரிய பருத்திக்கோ புகையிலைக்கோ அதை இடலாகாது. மண்ணைக் காக்கும் புல்லுக்கும் பயறு வகைகளுக்குமே இட வேண்டும். கணக்கு எழுதி வைக்க வேண்டும். அயலார் வந்து பார்ப்பதற்கும் இணங்க வேண்டும். உத்தியோகஸ்தர் பிரசங்கத்தை நம்பாதவர்களும் வேலிக்கு அப்பாலுள்ள வயலை நம்பினார்கள்.

மின்சாரத்திலும் இவ்வாறே. கிராமத்துக்குக் கம்பி இழுத்தால் கட்டாது என்று கம்பெனிகள் கைவிட்டிருந்த காலத்தில், 1934-ல், மிசிசிப்பி மாகாணத்திலுள்ள கொரிந்த் நகரில் அல்கார்ன் ஜில்லா மின்சார ஐக்கிய சங்கம் தோன்றியது. நகரத்தாரும் குடியானவர்களும் ஒரே சங்கத்தில் சேர்ந்தனர். வீடுகள் நெருங்கிய நகரிலிருந்து வந்த வருமானம், தொலைவிலுள்ள பண்ணைகளுக்குச் சென்ற கம்பியின் செலவையும் தாங்கிற்று. ஸ்தாபனம் மின்சாரத்தை மொத்தமாக விற்றது. விநியோகமும் வசூலும் கணக்கும் சங்கத்தின் பொறுப்பு. 1935-ல் ஏற்பட்ட கிராம மின்சார நிர்வாகம் தேசமெங்கும் இத்தகைய சங்கங்களுக்குக் கடன் வழங்கிற்று.

குறையும் உண்டு, அதனை மறைத்தல் நியாயமன்று. 1936-ல் முடிவுற்ற நாரிஸ் அணைக்காகச் சுமார் 3,000 குடும்பங்கள் குடிபெயர்ந்தன. நீரில் மூழ்கவிருந்த 5,000-க்கு மேற்பட்ட சமாதிகளை ஸ்தாபனம் பக்தியுடன் வேறிடத்திற்கு மாற்றியது. நிலச் சொந்தக்காரர்களுக்குக் கிரயம் கொடுத்தது. அந்நிலத்தையே உழுது வந்த வாரக்குடிகளுக்கோ நஷ்டஈட்டுத் தொகை கிடைக்கவில்லை. வேலையாட்களுக்கென்று கட்டிய நாரிஸ் நகரில் கறுப்பின மக்களுக்கு வீடு தரப்படவில்லை. எருவுக்குப் பண்ணை தெரிந்தெடுத்த சங்கங்களிலும் பெரும்பாலும் வசதியுள்ள நிலக்காரர்களே கூடிப் பேசினார்கள். வாரக்குடிக்கு அச்சங்கங்களில் இடமிருந்தது அரிது.