மேட்டூர் ஜூன் 11-இல் திறந்ததா?

காவிரி டெல்டாக்காரரிடம் ஜூன் 12 என்று சொன்னால் போதும், மேட்டூர் என்று பதில் வரும். குறுவை நெல்லுக்கு அணையிலிருந்து தண்ணீர் திறக்க வழக்கமாகக் குறித்த நாள் அது. வழக்கம் தவறிய ஆண்டுகளும் உண்டு. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024-இல் ஜூலைக் கடைசிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2025-இல் சரியாக ஜூன் 12. இந்தத் தேதியை ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தன் கணக்கு மென்பொருளில் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஜூன் 11 என்று நிற்கிறது. அதையே இன்னொரு மென்பொருளுக்கு அனுப்பினால் டிசம்பர் 6 ஆகிவிடுகிறது. நடுவில் யாரும் எதையும் திருத்தவில்லை.

டிசம்பர் 6 எப்படி வந்தது என்பது எளிது. நாம் 12/06/2025 என்று நாளை முதலில் எழுதுகிறோம். அமெரிக்க முறைப்படி எழுதிய மென்பொருள் முதல் எண்ணை மாதம் என்று படிக்கிறது. 13-ஆம் தேதி முதல் மாதக் கடைசிவரை இந்தக் குழப்பம் தானே அகப்பட்டுவிடும், 13-ஆவது மாதம் கிடையாதே. 12-க்குள் இருக்கும் தேதிகள்தான் சத்தமில்லாமல் மாறிப்போகும். அதனால்தான் ஒரு கணினி இன்னொரு கணினிக்குத் தேதி சொல்லும்போது 2025-06-12 என்று ஆண்டை முன்வைத்து எழுத வேண்டும் என்று உலகத் தரம் வைத்திருக்கிறார்கள். திரையில் மனிதருக்குக் காட்டும்போது ‘12 ஜூன் 2025’ என்று மாதப் பெயரோடு காட்டினால் சந்தேகமே வராது.

ஜூன் 11 கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். சர்வர்கள் பெரும்பாலும் நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமிக்கின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஜூன் 12 என்று தேதியை மட்டும் தட்டுகிறீர்கள். மென்பொருளோ தேதிக்கு ஒரு மணியும் வேண்டும் என்று எண்ணி, நள்ளிரவு 12 மணி என்று தானே சேர்த்துக்கொள்கிறது. நம் ஜூன் 12 நள்ளிரவு யூடிசியில் ஜூன் 11 மாலை ஆறரை. பிறகு மணியை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் வைத்துக்கொண்டால் 11 மிஞ்சுகிறது.

இதற்குப் பலர் போடும் முதல் ஒட்டு, காட்டும் இடத்தில் ஐந்தரை மணியைக் கூட்டிவிடுவது. அது திருத்தமே இல்லை. இன்னொருவர் வேறு இடத்திலும் கூட்டிவைத்தால் பதினோரு மணி நேரம் தள்ளிப்போகும். மேட்டூர் திறந்த தேதி வெறும் தேதி. அதற்கு மணியும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. லண்டனில் இருந்து பார்த்தாலும் அது ஜூன் 12-தான். கொள்முதல் நிலையத்தில் மூட்டையை எடை போட்டு ரசீது அடித்ததோ ஒரு கணம். அது யூடிசியில் சேமிக்க வேண்டியது, பார்க்கிறவரின் ஊர் நேரத்தில் காட்ட வேண்டியது. தரவுத்தளத்தில் இரண்டுக்கும் தனித்தனி வகைகள் ஏற்கெனவே இருக்கின்றன. தேதி வகையில் வைக்க வேண்டியதைக் கண வகையில் வைத்ததுதான் இந்த வழு. எனக்குத் தெரிந்து நேரக் குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்த ஒன்றில்தான் முடிகின்றன.

கணம் என்று சரியாகவே சேமித்தாலும், ‘இன்று’ எது என்பதில் இடறலாம். விடியற்காலை 5 மணிக்கே பால் ஊற்ற ஆள் வரும் கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கை யூடிசிப்படி பிரிக்கும் மென்பொருளுக்கு நம் காலை 5:30-க்குத்தான் நாள் பிறக்கிறது. ஒருவர் திங்களன்று 5:40-க்குப் பால் ஊற்றுகிறார். செவ்வாயன்று சீக்கிரம் எழுந்து 5:20-க்கே ஊற்றிவிட்டுப் போகிறார். கணக்கில் திங்கள் காலைக்கு இரண்டு வரவு, செவ்வாய் காலைக்கு ஒன்றுமில்லை. மாதக் கூட்டுத்தொகை ஏறக்குறைய சரியாகவே இருக்கும் என்பதால் தணிக்கையிலும் இது சிக்காது. ஏப்ரல் 1 விடிவதற்குள் வந்த பணம் முந்தைய நிதியாண்டில் போய் உட்காரும்போதுதான் யாராவது விழித்துக்கொள்வார்கள்.

அப்படியானால் நம் நேரத்தைக் கணினிக்கு எப்படிச் சொல்வது? ‘ஐஎஸ்டி’ என்ற மூன்றெழுத்தை நம்பக் கூடாது. இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுமே அதைப் பயன்படுத்துகின்றன. போஸ்ட்கிரெஸ் என்ற புகழ்பெற்ற கட்டற்ற தரவுத்தளம் பல ஆண்டுகளாகத் தன் இயல்பு அமைப்பில் அதை இஸ்ரேல் நேரம் என்றே எடுத்துக்கொண்டது. காலை 6 மணி என்று எழுதி அந்த மூன்றெழுத்தைச் சேர்த்தால் மூன்றரை மணி நேரப் பிழை. இந்தியர்களுக்கென்று தனிச் சுருக்கப் பட்டியலும் அதிலேயே இருக்கிறது, அமைப்பை மாற்றினால் போதும். மாற்ற வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 5:30 என்பதை 5.30 என்று தசமமாகப் படித்துக்கொள்ளும் நிரல்களும் உண்டு; தசமத்தில் 5.30 மணி என்றால் 5 மணி 18 நிமிடம், எனவே எல்லா நேரமும் 12 நிமிடம் தவறும். முழு மணி வித்தியாசமே உள்ள நாடுகளில் எழுதப்படும் நிரலில் இது யார் கண்ணிலும் படாது.

சரியான முகவரி ‘ஆசியா/கொல்கத்தா’. உலகின் நேர மண்டலங்களையும் அவற்றின் வரலாற்றையும் சேர்த்து, யாரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்திருக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது, பால் எக்கர்ட் பராமரிப்பது. லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாம் அதைத்தான் படிக்கின்றன. அதில் நம் வரி இப்படிப் போகிறது: முதலில் கல்கத்தாவின் சூரிய நேரம், 5 மணி 53 நிமிடச் சொச்சம், 1870 முதல் சென்னை நேரம், 5 மணி 21 நிமிடம் 10 விநாடி, 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை. நடுவில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடிகாரத்தை இருமுறை ஒரு மணி நேரம் முன்தள்ளிப் பழையபடி ஆக்கினார்கள். இரண்டாவது முறை தள்ளியது 1942 செப்டம்பரில். பழையபடி ஆனது 1945 அக்டோபர் 15-இல்.

இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று தோன்றலாம். கும்பகோணத்து ஜோசியருக்கு வேண்டும். 1944-இல் பிறந்த ஒரு தாத்தாவின் பிறந்த நேரம் அன்றைய கடிகாரப்படி எழுதப்பட்டிருந்தால், ஐந்தரை என்று நிலையாக எழுதிவைத்த ஜாதக மென்பொருள் அவரை ஒரு மணி நேரம் தள்ளிப் பிறக்க வைக்கும். ஒரு லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் என்பதால், லக்னமே மாறிப்போக நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அந்தப் பட்டியலில் நம் மண்டலத்தின் முதல் பதிவு இன்னொரு விதமாகவும் படுத்தியிருக்கிறது. பைத்தான் மொழியில் நீண்ட காலம் எல்லோரும் கையாண்ட பைடிஜெட் என்ற நூலகத்தில், நேர மண்டலத்தைத் தேதியோடு நேரடியாக ஒட்டினால் அது அந்த மண்டலத்தின் முதல் பதிவையே எடுத்துக்கொள்ளும். இந்திய நேரம் 5:53 ஆகிவிடும். 23 நிமிடம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்ட இந்திய நிரலாளர்கள் கணக்கில்லை. அந்த நூலகமே தரும் தனிக் கட்டளை வழியாக ஒட்டினால் சரியாகும். 2020-இல் வந்த பைத்தான் 3.9-இல் சோன்இன்ஃபோ என்ற புதிய வசதி சேர்ந்த பிறகு இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. பழைய நிரல்களில் மட்டும் இன்னும் பதுங்கியிருக்கிறது.

நேரத்தை எண்ணாக எழுதாமல் ஊர்ப்பெயரால் சொல்வது ஏன் என்பதற்கு நாகப்பட்டினத்துக்கு எதிர்க்கரையே சான்று. இலங்கை 1996 மே மாதம் ஆறரைக்கு மாறி, அதே அக்டோபரில் ஆறுக்கு வந்து, 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. ‘ஆசியா/கொழும்பு’ என்று எழுதிய நிரலுக்கு இந்த மாற்றங்கள் பட்டியலோடு தானாக வந்துசேரும். ஐந்தரை என்று எழுதியதற்கு வராது.

இனிப் பணம். 2025-26 கொள்முதல் பருவத்தில் சன்னரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். 40 கிலோ மூட்டைக்கு 1,018. 120 மூட்டை போட்டவருக்கு 1,22,160 ரூபாய். மென்பொருள் அதை 122,160 என்று காட்டினால் தொகை ஒன்றுதான், ஆனால் முதல் காற்புள்ளியில் லட்சத்தைத் தேடும் கண் ஒரு கணம் தடுமாறும். கோடிக்கு மேல் போனால் விரல்விட்டு எண்ண வேண்டியதுதான். கடைசி மூன்று இலக்கம், அதன்பின் இரண்டிரண்டு என்ற நம் முறை #,##,##0.00 என்ற வடிவமாகப் பெரும்பாலான இயங்குதளங்களில் இருக்கிறது; இஆர்பி நெக்ஸ்ட் போன்ற நம் நாட்டுக் கட்டற்ற கணக்கு மென்பொருளில் தேர்ந்தெடுத்துக்கொள்ளவும் முடியும். இருந்தும் பிழை வரக் காரணம், நிரல் ஓடும் இடத்தில் அந்தத் தகவல் இல்லாமற்போவது. சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோட்.ஜேஎஸ் 2019-இல் 13-ஆம் பதிப்பு வரும்வரை இயல்பாக ஆங்கிலத் தரவை மட்டும் சுமந்து வந்தது. அதே நிரல் உலாவியில் 1,22,160 என்று சரியாகக் காட்டும். பழைய பதிப்பு ஓடும் சர்வரில் உருவாகி மின்னஞ்சலில் போகும் ரசீதில் 122,160. ‘என் கணினியில் சரியாகத்தானே வருகிறது’ என்ற பேச்சு அடிக்கடி கேட்கும் இடம் இது.

காற்புள்ளி வெறும் அலங்காரம். அதோடு சேர்த்துத் தொகையைச் சேமித்தால் வேறு வினை வரும்: ஜாவாஸ்கிரிப்டின் சில கட்டளைகள் ‘1,22,160’ என்ற எழுத்துத் தொடரை எண்ணாகப் படிக்கச் சொன்னால் முதல் காற்புள்ளியோடு நின்று 1 என்று விடை தரும். 1,22,160 ரூபாய் ஒரு ரூபாய் ஆவது இப்படித்தான். தசமத்தையும் நம்ப முடியாது. 1.15 ரூபாயைப் பைசாவாக்க 100-ஆல் பெருக்கினால் கணினிக்கு 114.99999999999999 கிடைக்கிறது, மிச்சத்தை வெட்டினால் 114 பைசா. எனவே பணத்தை அதன் கடைசி அலகில், முழு எண்ணாக, எந்த நாட்டுப் பணம் என்பதையும் சேர்த்தே வைப்பார்கள். எல்லாப் பணத்துக்கும் நூறு என்று எண்ணிவிடவும் கூடாது. தஞ்சை, திருவாரூர், நாகை வீடுகளுக்குப் பணம் வரும் குவைத்திலும் ஓமனிலும் பஹ்ரைனிலும் கடைசி அலகு ஆயிரத்தில் ஒன்று. நூறால் வகுத்துக் காட்டும் நிரல் குவைத்துத் தினாரைப் பத்து மடங்காக்கிவிடும். மகன் அனுப்பிய 150 தினார் 1,500 ஆகத் தெரியும். ஜப்பானிய யென்னுக்கோ கீழ் அலகே இல்லை.

ரூபாய்க் குறியையும் சொல்லிவிடலாம். ₹ 2010-இல்தான் வந்தது, அதே ஆண்டு யூனிகோடில் சேர்ந்தது. அதற்கு முந்தைய எழுத்துருவைக் கொண்டு பில் அடிக்கும் மென்பொருளில் அந்த இடத்தில் கட்டமோ கேள்விக்குறியோ நிற்கும். எழுத்துருவை மாற்றுங்கள், முடியாவிட்டால் ‘ரூ.’ என்று போடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

சில வழுக்கள் நிரலில் இருக்கவே மாட்டா. மாதப் பெயர், எண் வடிவம், பணக்குறி எல்லாவற்றையும் மொழிவாரியாகத் தொகுத்து வைத்திருக்கும் சிஎல்டிஆர் என்ற தரவை யூனிகோடு கூட்டமைப்பு பராமரிக்கிறது. பெரிய எண்ணைச் சுருக்கிக் காட்டச் சொன்னால் இந்திய ஆங்கிலத்துக்கு அது லட்சம், கோடி தருகிறது, இந்திக்கும் தருகிறது. தமிழுக்கோ பல ஆண்டுகளாக வெளிவந்த பதிப்புகளில் மில்லியன், பில்லியன். தஞ்சாவூரில் ‘1.2 மில்லியன் ரூபாய்க்கு நிலம்’ என்று யார் பேசுகிறார்கள்? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பேசலாம். அவர்களுக்கென்று இதே தரவில் தனிக் கிளைகள் இருக்கின்றன, மில்லியனை அங்கே வைத்துக்கொண்டு மூலத்தில் லட்சத்தைப் போடலாம் என்பது என் கட்சி. அதே தொகுப்பில் மத்திய கிழக்கின் நில அளவான துனம் இருக்கிறது. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்று இன்றும் பேசும் டெல்டாவின் அளவுகள் இல்லை. வேலிக்கும் குழிக்கும் பழைய கணக்கர்கள் இட்ட குறிகள் மட்டும் 2019-இல் யூனிகோடு 12-இல் எழுத்துகளாக இடம்பிடித்துவிட்டன.

வழுவைக் கண்டால் என்ன செய்வது? முதலில் அதை வேண்டும்போதெல்லாம் வரவழைக்கத் தெரிய வேண்டும். சோதனைக் கணினிகள் பெரும்பாலும் யூடிசியில் ஓடுவதால் நம் வழு அங்கே தலைகாட்டாது. நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்றும், கடிகாரத்தை விடியற்காலை 3 மணி என்றும் அமைத்து ஓட்டிப் பாருங்கள். உள்ளீட்டுக்கு ஏப்ரல் 1, ஜூன் 12, 1944-இல் ஒரு நாள், 1,22,160 ரூபாய், மூன்று தசம இலக்கம் கொண்ட ஒரு குவைத்துத் தொகை, இவ்வளவு போதும். இந்த மதிப்புகளை வைத்து, இப்போது தோற்கும் ஒரு சோதனையை எழுதுங்கள். திருத்தத்தை அதற்குப் பிறகு எழுதுங்கள். சோதனை இல்லாமல் வரும் திருத்தத்தைப் பராமரிப்பாளர் தயங்கித்தான் ஏற்பார், இந்தியாவைப் பார்த்திராதவர் என்றால் இன்னும் தயங்குவார். ‘இங்கே தப்பாக வருகிறது’ என்பதைவிட, ‘இந்த நேரத்தில் இதை உள்ளிட்டால் இது வர வேண்டும், ஆனால் அது வருகிறது’ என்று நான்கு வரி எழுதினால் வேலை பாதி முடிந்தது.

பிறகு அனுப்பும் முகவரி. தேதி வகை, பைசாக் கணக்கு போன்றவை அந்தந்த மென்பொருளின் நிரலிலேயே திருத்த வேண்டியவை. நேர வரலாற்றில் தவறு என்றால் நேரப் பட்டியலுக்கு, அரசாணை போன்ற ஆதாரத்தோடு. மில்லியன், லட்சம் போன்ற மொழித் தரவு என்றால் சிஎல்டிஆருக்கு. அங்கே மொழிவாரியாகத் தன்னார்வலர்களும் நிறுவனங்களும் வாக்களித்து முடிவு செய்கிறார்கள், தமிழுக்கு வாக்களிக்க வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஏற்றுக்கொள்ளப்பட்டாலும் அது ஆண்டுக்கு இருமுறை வரும் பதிப்பில் சேர்ந்து, அங்கிருந்து இந்த மொழித் தரவைக் கையாளும் ஐசியூ என்ற நூலகத்துக்கும், அதிலிருந்து ஆண்ட்ராய்டுக்கும் உலாவிகளுக்கும் போய்த்தான் கைபேசிக்கு வரும். பழைய கைபேசி வைத்திருப்பவருக்கு அடுத்த கைபேசி வாங்கும்போது.