உஷார்! பிள்ளை படிக்கிற மேஜை ரோட்டுப் பக்கமா இருக்கிறது?

பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் டியூஷன், கைடு, பாதாம் பால் என்று எதிலும் குறை வைப்பதில்லை. அவன் உட்கார்ந்து படிக்கிற இடத்தில் எவ்வளவு சத்தம் என்பதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. வாசலில் ஏர் ஹாரன், பக்கத்து மனையில் டைல்ஸ் அறுக்கும் மெஷின், ஹாலில் சீரியல். கேட்டால், "அதெல்லாம் அவனுக்குப் பழகிடுச்சு" என்கிறார்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள்!

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் பி.எஸ். 98 என்று ஓர் அரசுப் பள்ளி. அதன் ஒரு பக்கத்தில், மேம்பாலத் தண்டவாளத்தில் ரயில் ஓடும். நாலரை நிமிடத்துக்கு ஒன்று. அது கடக்கிற அரை நிமிடம் வகுப்பறையில் 89 டெசிபல். ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அங்கே படித்த குழந்தையின் தாய் ஒருவர் தன் கல்லூரிப் பேராசிரியை ஆர்லீன் பிரான்சாஃப்டிடம் இதைச் சொல்ல, அவர் இரண்டு பக்க வகுப்புகளின் வாசிப்புத் தேர்வு மதிப்பெண்களை ஒப்பிட்டுப் பார்த்தார். 1975-இல் முடிவு வெளிவந்தது. ரயில் பக்கம் படித்த 6-ஆம் வகுப்புப் பிள்ளைகள், மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள். அந்த ரயிலைத் தினமும் கேட்டுப் பழகிய பிள்ளைகள்தான் அவர்கள்! பிறகு தண்டவாளத்தின் அடியில் ரப்பர் பட்டை வைத்தார்கள். வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகை அடித்தார்கள். 1981-இல் வந்த அடுத்த ஆய்வில் அந்த வித்தியாசமே இல்லை.

ஜெர்மனியின் மியூனிக்கிலும் இதே கதை. 1992-இல் அந்த நகரின் விமான நிலையம் இடம் மாறியது. பழைய நிலையத்தின் அருகே வசித்த குழந்தைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் தேறின; புதிய நிலையத்தின் அருகே வசித்தவர்களுக்கு இரண்டும் சரிந்தன. அவர்கள் உடலில் பதற்றத்தின்போது சுரக்கும் ஹார்மோன்களும் கூடியிருந்தன.

காரணம் இதுதான். திடீர்ச் சத்தத்தை மூளை ஆபத்து என்றே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. மனசு அதைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொண்டாலும் உடம்பு அந்த அளவுக்குக் கற்றுக்கொள்வதில்லை. நள்ளிரவில் லாரி ஹாரன் கேட்டால், தூக்கம் கலையாமலே இதயத்துடிப்பு எகிறும். காலையில் பிள்ளை காரணம் தெரியாமல் எரிந்து விழுவான். நாம் அவனைத் திட்டுவோம்.

எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாத சத்தம்தான் மிக மோசம். அது ஓய்ந்த பிறகும், கஷ்டமான புதிரோடு மல்லுக்கட்டும் பொறுமை குறைந்துபோகிறது என்று 1970-களிலேயே அமெரிக்க உளவியலாளர்கள் கிளாஸும் சிங்கரும் சோதித்துக் காட்டினார்கள். 'இந்தப் பையனுக்கு அக்கறையே இல்லை' என்று முடிவுகட்டுவதற்கு முன், அவன் ஜன்னலோரம் அரை மணி நேரம் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இது வீட்டுக்குள்ளேயே. மனப்பாடம் செய்கிறவருக்குப் பேச்சுச் சத்தம்தான் பெரிய எதிரி. மின்விசிறியின் சீரான இரைச்சலைவிட, மெதுவாக வைத்த டி.வி.யின் வசனம் அதிகம் கெடுக்கும். "சவுண்ட் கம்மியாத்தானே வெச்சிருக்கேன்" என்பது சமாதானம் ஆகாது, அம்மா. அவன் படிக்கிற நேரம் அணைத்தே விடுங்கள். வெளிச் சத்தத்தை மறைக்க இயர்போனில் பாட்டைக் கூட்டி வைப்பதும் வேண்டாம். கவனத்தோடு காதும் சேர்ந்து போகும். மேஜையைத் தெருப்பக்கச் சுவரிலிருந்து உள்ளறைக்கு மாற்றுங்கள். செலவில்லாத வேலை, இன்றைக்கே செய்யலாம்.

வெளியே நடப்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45, அதற்குமேல் கூடாது. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அப்படி அறிவித்த இடத்தில் ஹாரனே அடிக்கக் கூடாது. பொது இடத்தில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கட்டாயம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, அரசு விலக்கு அளித்த ஒருசில நாட்கள் தவிர, தடை. பொதுத்தேர்வு நடக்கிற பங்குனியில்தான் பல ஊர்களில் திருவிழாவும் வருகிறது. சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால், பத்து மணிக்குமேல் ஸ்பீக்கர் அலறினால் விழாக் குழுவிடம் சொல்லுங்கள். கேட்காவிட்டால் 100-க்கு போன் போடுங்கள். தனியாகப் பேசத் தயக்கமா? தெருவில் தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெற்றோர் நாலைந்து பேராகச் சேர்ந்து, கொடி ஏறுவதற்கு முன்பே காவல் நிலையத்தில் மனுவாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.