டிசம்பரில் புல்வெளி மஞ்சளாகுதா? யூரியா டப்பாவைத் திறக்காதீங்க!

டிசம்பர் வந்தால் ஓசூரில் பீரோவிலிருந்து ஸ்வெட்டர் வெளியே வரும். வீட்டு முன்னால் இருக்கும் புல்வெளி மெல்ல மஞ்சளாகும். 'சத்து பத்தலை போல'ன்னு ஒரு கை யூரியாவை அள்ளி வீசுவோம். சில நாளில் புல் பச்சையாவதற்குப் பதிலாக அங்கங்கே கருகித் திட்டுத் திட்டாக நிற்கும். சிப்காட்டை ஒட்டிய லேஅவுட்களிலும், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி வந்து பெங்களூர்க்காரர்கள் கட்டிய வில்லாக்களிலும் வருஷா வருஷம் இதே கதைதான்.

காரணம் பசி இல்லை, குளிர். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் வளர்க்கும் கொரியன் புல், பெர்முடா எல்லாமே வெயில் விரும்பிகள். (பெர்முடான்னு பேர் சொல்லி விற்பது வேறு எதுவும் இல்லை, நம்ம அருகம்புல் இனம்தான்!) டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் ஏறும்போது அவற்றின் வளர்ச்சி படுத்துவிடும். தூங்குகிறவர் வாயில் சோறு திணித்த மாதிரிதான் அப்போது போடும் உரம். அதை எடுத்துக்கொள்ளப் புல்லுக்குத் தெம்பு இருக்காது.

புல் எடுக்காத உரம் எங்கே போகும்? நாம் விடும் தண்ணீரோடு கீழே இறங்கும். யூரியாவில் 46 சதவிகிதம் நைட்ரஜன். அது மண்ணில் நைட்ரேட்டாக மாறினால் தண்ணீரில் சுலபமாகக் கரைந்து நிலத்தடி நீரைச் சேரும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. அதிகமானால், புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான் முதல் ஆபத்து. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. 'நாங்க கேன் தண்ணிதானே குடிக்கிறோம்' என்று சொல்லலாம். ஆனால் அடுத்த தெருவில் ஃபேக்டரித் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் போர்வெல் தண்ணீரையே குடிக்கிறவர்கள் இருப்பார்களே?

அப்படின்னா உரம் எப்போ போடணும்? கோடை மழை விழுந்து புல் துளிர்க்கும் மே, ஜூனில் ஒரு தடவை. குளிர் தொடங்கும் முன், செப்டம்பரில் ஒரு தடவை. 100 சதுர அடிக்கு 50 கிராம் யூரியா போதும். 400 சதுர அடி புல்வெளி என்றால் 200 கிராம், அவ்வளவுதான்! 45 கிலோ மூட்டையே 300 ரூபாய்க்குள் கிடைப்பதால்தான் நமக்குக் கை நீளுது. பாகலூர், தளி பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்ப்பவர்களைப் பாருங்க, சொட்டுநீரில் கரைத்து அளந்துதான் விடுவார்கள். நாமும் கையால் அள்ளாமல் எடை போடலாம், சமையலறைத் தராசு மட்டும் வேண்டாம். இரண்டு பங்கு மணலோடு கலந்து, புல்லின் இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விடுங்க. ஈர இலையில் ஒட்டினால் பொசுக்கும். பெருமழை வரும் என்று தெரிந்தால் அன்னைக்கு வேண்டாம்.

வெயில் காலத்திலும் மஞ்சளாக இருந்தால் கிட்டே போய் இலையைப் பாருங்க. அடியில் இருக்கும் பழைய இலைகள் ஒரே சீராக வெளுத்திருந்தால் நைட்ரஜன் குறைவு. புதுத் துளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை. உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் வீடுகளில் இது சகஜம். மண்ணில் இரும்பு இருந்தாலும், இந்தத் தண்ணீர் அதை வேருக்கு எட்டாமல் செய்துவிடும். இதற்கு யூரியா கொட்டிப் பயனே இல்லை. உரக்கடையில் அன்னபேதி கேளுங்க. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலை நனையத் தெளிங்க. டைல்ஸில், காரில் பட்டால் துருக்கறை பிடிக்கும், ஜாக்கிரதை.

ரசாயனமே வேண்டாம் என்பவர்கள் மழைக்காலத் தொடக்கத்தில் நன்றாக மக்கிய தொழு உரத்தையோ மண்புழு உரத்தையோ சலித்து, கால் அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பலாம். சலிப்பதை மட்டும் விடாதீங்க. மக்காத சாணத்தோடு வேர்ப்புழு வரும். லோடு செம்மண் இறக்கினாலோ கூடவே கோரைக்கிழங்கு வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் அதைப் பிடுங்கியே ஆயுசு போயிடும்.

புல் வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீங்க. வெட்டிய துணுக்குகளை வாரிக் குப்பையில் போடாமல் அங்கேயே விட்டால் நைட்ரஜனில் ஒரு பகுதி மண்ணுக்கே திரும்பும்.

காம்பவுண்டு சுவர் நிழலில் நாள் முழுக்க வெயிலே படாத இடம் இருந்தால், எந்த உரமும் அங்கே புல்லை நிறுத்தாது. இடைவெளி விட்டுக் கல் பதித்துவிடுங்க. மழைத்தண்ணியாவது உள்ளே இறங்கும்.