காயில் எரிஞ்சு போச்சுன்னா என்ன?



குழுக் கடனில் கிரைண்டர் வாங்கி மாவு வியாபாரம் செய்யும் உறுப்பினர்கள் நம்மில் பலர். திடீர்னு ஒருநாள் கிரைண்டர் நின்றுவிடும். "காயில் எரிஞ்சு போச்சும்மா, புதுசா கட்டணும்" என்பார் மெக்கானிக். வியாபாரம் நிற்கும். தவணை நிற்குமா? அதனால் இதை நாம் புரிந்துகொள்வோம்.

மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். கம்பி மேல் மெல்லிய பூச்சு இருக்கும். சூடு அளவு மீறினால் பூச்சு கருகி, கம்பியோடு கம்பி ஒட்டி ஷார்ட் ஆகும். இதுதான் காயில் எரிவது. கரண்ட் இரண்டு மடங்கு ஆனால் சூடு நான்கு மடங்கு ஆகும்!

கரண்ட் ஏன் கூடுகிறது?

1. அளவுக்கு மேல் அரிசி போடுவது. கல் சுற்றாமல் "உம்"முன்னு சத்தம் மட்டும் வந்தால் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கிறது. உடனே சுவிட்சை அணையுங்கள்.

2. லோ வோல்டேஜ். கரண்ட் வரத்து பலவீனமானாலும் அரைக்கிற பாரம் குறையாது. அதை இழுக்க மோட்டார் கூடுதல் கரண்ட் எடுக்கும். லைட் மங்கினால் அரைக்காதீர்கள்.

3. ஓய்வே கொடுக்காமல் ஓட்டுவது. கருகல் வாடை வந்தால் நிறுத்துங்கள்.

ஒயரும் இப்படித்தான் எரியும். பிளக் கறுத்தாலோ, தொட்டால் சுட்டாலோ உள்ளே ஸ்குரு லூஸாக இருக்கலாம். விளக்கு, ஃபேன் போடும் ஒரு லைனில் 10 பாயிண்டுக்கு மேலோ, 800 வாட்டுக்கு மேலோ கூடாது என்பது இந்திய வயரிங் விதி. கிரைண்டருக்குத் தனி பவர் லைன் போடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் வாங்குங்கள்.

முக்கியமான விஷயம் ஒன்று. பியூஸ் அடிக்கடி போகுதேன்னு தடித்த கம்பியைச் சுற்றுகிறோம். இது பெரிய ஆபத்து. பியூஸ் நமக்காகத்தான் எரிகிறது. அது எரியாவிட்டால் ஒயர் எரியும், பிறகு வீடே எரியும். பியூஸ் ஏன் போகிறது என்று ஒயர்மேனைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

இன்றே மெயினை அணைத்துவிட்டு உங்கள் பியூஸ் கட்டையில் என்ன கம்பி இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவோம்.