போருக்குப் போனார், பதக்கம் மட்டும் வரலை... முன்னாள் படைவீரர்கள் சர்வீஸ் ரெக்கார்டைத் திருத்துவது எப்படி? முழு விவரம்

வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்தில் இருக்கிறது கம்மவான்பேட்டை. 'ராணுவப்பேட்டை' என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பார், அல்லது இருந்து ஓய்வு பெற்றிருப்பார் என்று பெயர் வாங்கிய ஊர். ஜவ்வாது மலை அடிவாரத்தை ஒட்டிய இந்தப் பகுதி முழுக்கவே முன்னாள் படைவீரர் குடும்பங்கள் அதிகம்.

இப்படிப்பட்ட ஊர்களில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு உண்டு. "ஒரே கம்பெனியில் ரெண்டு பேரும் இருந்தோம். அவனுக்கு மெடல் வந்துச்சு, எனக்கு வரலை."

இது யாரோ வேண்டுமென்றே மறுத்த விஷயமாகத் தெரியலாம். பெரும்பாலும் அப்படி இல்லை. பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டிருக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு வரியைச் சேர்க்க வைத்தால், பதக்கம் கிடைப்பதற்கான வழி திறக்கும். அது எப்படி என்று பார்க்கலாம்.

*பதக்கத்தில் இரண்டு வகை: முதலில் இதைப் புரிஞ்சுக்கணும்*

முதல் வகை வீரதீர விருதுகள். பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா, சேனா மெடல் போன்றவை. இவற்றுக்கு மேலதிகாரியின் பரிந்துரை வேண்டும், தேர்வுக் குழு வேண்டும், அரசின் அறிவிப்பு வேண்டும். 'எனக்குத் தாருங்கள்' என்று உரிமையாகக் கேட்க முடியாது.

இரண்டாவது வகை சேவைப் பதக்கங்கள். குறிப்பிட்ட நாட்களில், குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட பணியில் இருந்தால் போதும். தகுதி இருந்தால் பதக்கம் உண்டு, தனியாகப் பரிந்துரை தேவையில்லை. விடுபட்டுப்போவதும், திருத்திக் கேட்டு வாங்க முடிவதும் பெரும்பாலும் இந்த வகைதான்.

*எந்தப் போருக்கு எந்தப் பதக்கம்?*

• 1965 பாகிஸ்தான் போர்: சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல்

• 1971 போர்: கிழக்கு முனையில் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் பஸ்சிமி ஸ்டார், இவற்றோடு சங்கிராம் மெடல்

• 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படை: 'ஸ்ரீலங்கா' என்ற பட்டையுடன் ஸ்பெஷல் சர்வீஸ் மெடல்

• 1999 கார்கில்: ஆபரேஷன் விஜய் ஸ்டார், ஆபரேஷன் விஜய் மெடல்

• 2001-02 எல்லைக் குவிப்பு: ஆபரேஷன் பராக்ரம் மெடல்

இது தவிர 9, 20, 30 ஆண்டு சேவைக்குத் தனித்தனி நீண்டகால சேவைப் பதக்கங்கள் உண்டு. சுதந்திர தின வெள்ளி விழா (1972), பொன் விழா (1997) பதக்கங்கள் அந்தந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு உரியவை. உங்க அப்பாவோ தாத்தாவோ அந்தத் தேதிகளில் பணியில் இருந்தாரா? டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அந்தப் பதக்கம் எழுதியிருக்கா? முதல் சோதனையை இங்கிருந்தே தொடங்கலாம்.

*பதிவு எங்கே விடுபடுகிறது?*

ஒரு சிப்பாயின் வாழ்க்கையில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் (திருமணம், குழந்தை பிறப்பு, விடுப்பு, இடமாற்றம், போர்ப் பகுதிக்குச் சென்றது) அவருடைய யூனிட் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவாக வெளியிடும். அது ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகும். அங்கே அவருடைய 'ஷீட் ரோல்' என்ற பணிப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். பதக்கத் தகுதியைச் சரிபார்ப்பது இந்தப் பதிவேட்டை வைத்துத்தான்.

யூனிட் அந்த உத்தரவை வெளியிடவில்லை என்றால், ரெக்கார்ட் ஆபீசைப் பொறுத்தவரை அவர் போருக்கே போகவில்லை!

இது யாருக்கெல்லாம் நடக்க வாய்ப்பு அதிகம்?

• வேறு யூனிட்டோடு தற்காலிகமாக இணைக்கப்பட்டுப் போனவர்கள். அனுப்பிய யூனிட்டும் எழுதாது, சேர்த்துக்கொண்ட யூனிட்டும் எழுதாது.

• காயம்பட்டோ நோய்வாய்ப்பட்டோ நடுவிலேயே மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள்.

• போர் முடிந்த கையோடு இடமாற்றத்தில் போனவர்கள்.

• பதக்கம் அறிவிக்கப்படும் முன்பே ஓய்வு பெற்றவர்கள். போர் முடிந்த பிறகுதான் பல பதக்கங்களை அரசு உருவாக்கியது. அப்போது இவர்கள் ஊருக்கு வந்து விவசாயம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தேடி வந்து கொடுக்க ஆள் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பதிவேட்டில் எல்லாம் சரியாக இருந்தும் பதக்கம் கைக்கு வராமல் போவது. ராணுவத்தில் பல ஆண்டுகளாகப் பதக்கங்களுக்கே தட்டுப்பாடு இருந்தது. தேங்கிக் கிடந்ததைத் தீர்க்க, ஒரே நேரத்தில் 17 லட்சத்துக்கும் அதிகமான பதக்கங்களை வாங்க வேண்டிய நிலை பாதுகாப்பு அமைச்சகத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் பலர் கடையில் விற்கும் நகல் பதக்கத்தை வாங்கிக் குத்திக்கொண்டார்கள். கடைப் பதக்கம் சட்டையில் இருக்கும், பதிவேட்டில் இருக்காது.

*பதக்கம் வந்தால் என்ன கிடைக்கும்?*

நேரடியாகச் சொன்னால், சேவைப் பதக்கத்துக்கு மாதப் பணம் கிடையாது. வீரதீர விருதுகளுக்குத்தான் உண்டு. 2017-ல் உயர்த்தப்பட்டபோது பரம்வீர் சக்ராவுக்கு மாதம் ரூ.20,000, மகாவீர் சக்ராவுக்கு ரூ.10,000, வீர் சக்ராவுக்கு ரூ.7,000, சேனா மெடலுக்கு ரூ.2,000 என்று நிர்ணயிக்கப்பட்டது.

அப்புறம் எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்? பதக்கத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பதிவுதான் முக்கியம். போர்ப் பகுதியில் பட்ட காயத்துக்கான ஓய்வூதியப் பலன், சாதாரண உடற்குறை ஓய்வூதியப் பலனைவிட அதிகம். அதைக் கேட்கும்போது 'அந்த நாளில் அவர் அங்கே இருந்தாரா' என்பதற்கு அதே பதிவேடுதான் சாட்சி. பதக்கம் வந்ததாலேயே அந்தப் பலன் வந்துவிடாது. ஆனால் இருந்ததற்கான பதிவே இல்லையென்றால் வழக்கு முதல் படியிலேயே நின்றுவிடும்.

மரியாதையும் இருக்கிறது. இலங்கைக்குப் போன அமைதிப்படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். 1987 நவம்பர் 25 அன்று அங்கே வீழ்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதே மண்ணில் இருந்து உயிரோடு திரும்பி, இன்று ஊரில் இருக்கும் ஒரு நாயக்கிடமோ ஹவில்தாரிடமோ 'நீங்க அங்க இருந்தீங்களா' என்று கேட்டால், காட்டுவதற்கு இருப்பது அந்தப் பட்டை வைத்த மெடல் ஒன்றுதான்.

*என்ன செய்யணும்? படிப்படியாக...*

1. டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுங்க. பதக்கங்கள் எழுதும் பகுதியைப் பாருங்க. என்னென்ன இருக்கு, எது இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஒரே பக்கத்தில் விவரம் எழுதுங்க. சர்வீஸ் நம்பர், பதவி, பெயர், யூனிட், சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி. அதோடு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எந்த இடத்தில், எந்த யூனிட்டோடு இருந்தார் என்பது. இதுதான் விண்ணப்பத்தின் உயிர்.

3. சரியான ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்புங்க. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்கு பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக். சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். இ.எம்.இ.க்கு செகந்திராபாத். மருத்துவப் படைக்கு லக்னோ. விமானப்படைக்கு டெல்லி. கடற்படை மாலுமிகளுக்கு மும்பை. கணியம்பாடி பகுதியினர் வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவும் அனுப்பலாம். எழுதிக் கொடுக்கவும் அங்கே உதவி கேட்கலாம். தபாலில் அனுப்பினால், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும் வகையில் அனுப்புவது நல்லது.

4. 'மெடல் கொடுங்க' என்று மட்டும் எழுதாதீங்க. இப்படிக் கேளுங்கள்: இந்தத் தேதிகளில் நான் இந்த இடத்தில் பணியில் இருந்ததற்கான பதிவு என் ஷீட் ரோலில் உள்ளதா? இருந்தால் பார்ட் டூ ஆர்டரின் எண், தேதி என்ன? இல்லையென்றால், யூனிட்டின் ஆவணங்களைச் சரிபார்த்துப் பதிவு செய்து, உரிய பதக்கத்தை வழங்க வேண்டும். இப்படிக் கேட்டால் 'பதிவு இல்லை' என்ற ஒரு வரிப் பதிலோடு கோப்பை மூட முடியாது.

5. ஆதாரம் சேருங்க. பயண உத்தரவு, ரயில்வே வாரண்ட், ராணுவ மருத்துவமனைச் சீட்டு, அந்த முகவரியிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதம், குழுப் புகைப்படம் எல்லாம் உதவும். இவற்றில் வலுவானது, அதே கம்பெனியில் இருந்து பதக்கம் வாங்கிய சக வீரரின் டிஸ்சார்ஜ் புத்தக நகலும் அவருடைய பிரமாணப் பத்திரமும். கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் அந்தச் சாட்சி அடுத்த தெருவிலேயே இருக்கலாம்.

6. பதில் வரலையா? ஆர்.டி.ஐ. போடுங்க. கட்டணம் ரூ.10. 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். உங்கள் ஷீட் ரோல் நகலையே கேட்கலாம்.

7. கடைசி வழி, ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ல் சட்டம் வந்து 2009-ல் செயல்படத் தொடங்கியது. சென்னையிலும் அமர்வு உண்டு. முதலில் துறையிடம் முறையிட்டிருக்க வேண்டும். இறுதி உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் வழக்குப் போடவேண்டும். முறையீடு கொடுத்து 6 மாதம் பதிலே இல்லையென்றாலும் போகலாம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொன்னால் தீர்ப்பாயம் ஏற்கும் வாய்ப்பும் இருக்கிறது.

*பெயர், மாவட்டம் மாறியிருந்தால்?*

நம்ம ஊர் ஆட்களுக்கு வரும் தனிப் பிரச்னை இது. 1971-ல் சேர்ந்தவரின் புத்தகத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருக்கும். 1989-ல் மாவட்டம் பிரிந்தது. ஆதாரில் 'வேலூர்' என்று இருக்கும். இனிஷியல் ஒரு இடத்தில், அப்பா பெயர் முழுதாக இன்னொரு இடத்தில். இந்த வேறுபாடுகளுக்குப் பயந்து பலர் விண்ணப்பிப்பதே இல்லை. ராணுவம் ஆளை அடையாளம் காண்பது முதலில் சர்வீஸ் நம்பரை வைத்துத்தான். வேறுபாட்டை விண்ணப்பத்திலேயே ஒரு வரியில் விளக்கி, பழைய எழுத்துக்கூட்டலையே பயன்படுத்துங்கள்.

*வீரர் உயிரோடு இல்லையென்றால்?*

மனைவியோ வாரிசோ கேட்கலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் புத்தக நகல் தேவைப்படும். வாங்கிய பதக்கம் தொலைந்துவிட்டது என்றால் அது வேறு விண்ணப்பம். பணம் கட்டி மாற்றுப் பதக்கம் வாங்கும் நடைமுறை அது. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்க வேண்டாம்.

*வீர விருது விடுபட்டால் வழியே இல்லையா?*

கடினம், ஆனால் பதிவைத் திருத்த முடியும். கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் 70-வது காலாட்படை பிரிகேடுக்குத் தலைமை தாங்கியவர் பிரிகேடியர் தேவிந்தர் சிங். தன் பங்கு போர் அறிக்கையில் குறைத்துக் காட்டப்பட்டதாக அவர் வழக்குத் தொடர்ந்தார். மேலதிகாரி ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டார் என்று 2010 மே மாதம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் கூறியது. பதிவைச் சரிசெய்யவும் உத்தரவிட்டது. போர் முடிந்து 11 ஆண்டுகள் கழித்து! ஒரு பிரிகேடியரே இவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

*ஏன் இப்பவே செய்யணும்?*

பதிவேடுகளுக்கும் ஆயுள் உண்டு. ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்தவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிட ராணுவ விதிமுறையில் இடம் இருக்கிறது. அதன் பிறகு மிஞ்சுவது 'லாங் ரோல்' என்ற சுருக்கப் பதிவு மட்டும்தான். போர் விவரம் முழுதாக அதில் கிடைக்காது.

அழிந்தால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. அமெரிக்காவில் 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில், 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான படைவீரர் கோப்புகள் எரிந்தன. சம்பளப் பட்டியல், மருத்துவமனைப் பதிவு போன்றவற்றை வைத்து அவர்களின் சேவை விவரத்தை அங்கே இன்றுவரை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம்மிடம் அந்த மாற்று ஆதாரம் இருப்பது வீட்டுப் பெட்டிகளிலும் சக வீரர்களின் நினைவிலும்தான்.

1971-ல் 20 வயதில் போருக்குப் போன சிப்பாய் இன்று 70-ஐத் தாண்டிவிட்டார். அவருக்காகக் கையெழுத்துப் போடவேண்டிய நண்பருக்கும் அதே வயதுதான். அதனால் விண்ணப்பம் எழுத நாளாகும் என்றாலும், சக வீரரின் பிரமாணப் பத்திரத்தை மட்டுமாவது முதலில் வாங்கி வைத்துவிடுங்கள்.